அளவு சிறுத்த ஆடையும் அமானிதமே



பிள்ளைகள் வளர்வது அல்லாஹ்வின் அருட்கொடை. பிறந்த குழந்தை ஓராண்டு நிறைவடையும்போது, பிறந்தபோதிருந்த எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கை எட்டிவிடுகிறது. உயரமும் பாதியளவு கூடிவிடுகிறது. பெருநாளுக்குத் தைத்த ஜுப்பா அடுத்த பெருநாளுக்குள் இறுகிப்போவதில் வியப்பில்லை. அவ்வாறு அளவு சிறுத்த ஆடைகளும், தொட்டில்களும், மூன்று சக்கர வண்டிகளும் நம் வீட்டுப் பரண்களில் என்ன செய்துகொண்டிருக்கின்றன?

வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்களாகத் திருக்குர்ஆன் (17:27) அறிமுகப்படுத்துகிறது. விரயம் என்றதும் விருந்தில் கொட்டப்படும் சோறே நம் நினைவுக்கு வருகிறது. பிறருக்குப் பயன்படக்கூடிய பொருளை எவருக்கும் பயன்படாமல் மட்கவிடுவதும் விரயத்தின் சாயலுடையதே. ஒரு பருத்திச் சட்டை உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாவதாக மதிப்பிடுகிறார்கள். ஒளூவுக்குரிய நீரைக்கூடச் சிக்கனமாகச் செலவிடக் கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது.

எனினும், கொடுப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. நமக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத பொருளைப் பிறருக்குக் கொடுக்க நாடக்கூடாது என்று இறைமறை (2:267) எச்சரிக்கிறது. பொத்தான் உதிர்ந்திருந்தால் தைத்து, துவைத்து, மடித்துக் கொடுப்போம். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம்.

பெறுபவரின் மானம் இன்னும் பெரிது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸாவில் ஒரு மாணவர் மற்றொரு சிறுவரிடம், "நீ போட்டிருப்பது என் பழைய சட்டை" என்றார். அவர் உள்ளத்தில் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் அச்சிறுவர் நான்கு நாள் ஓத வரவில்லை. சொல்லிக்காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்ற இறைக்கட்டளையின் (2:264) ஆழத்தை அந்த நான்கு நாள்கள் எங்களுக்கு உணர்த்தின.

அதன்பின் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். எல்லா இல்லங்களிலிருந்தும் வரும் ஆடைகளைப் பெயர் குறிப்பிடாமல் வயதுவாரியாக அடுக்குகிறோம். அவற்றைப் பக்கத்து மஹல்லாவின் மத்ரஸாவுக்கு அனுப்பி, அங்குள்ளவற்றை இங்கே பெற்றுக்கொள்கிறோம்; எவருடைய சட்டை எவரிடம் சென்றது என்று யாருக்கும் தெரியாது. உஸ்தாதுமார்களின் குடும்பங்களே முதலில் எடுத்துக்கொள்கின்றன. வசதி படைத்தோரும் எடுத்துக்கொள்கின்றனர். எல்லோரும் கொடுத்து எல்லோரும் எடுக்கும்போது அது ஸதகாவாகத் தோன்றாமல் ஹதியாவாகிவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் தமக்கென ஸதகாவை ஏற்காமல் ஹதியாவை ஏற்றுக்கொண்டவர்கள் அல்லவா?

எல்லாப் பொருளையும் கைமாற்றலாகாது என்பதையும் நினைவிற்கொள்வோம். பால் புட்டியின் பழைய ரப்பர், சிறு பாகங்கள் கழன்ற பொம்மை, ஆட்டங்கண்ட தொட்டில் ஆகியவற்றைத் தவிர்ப்போம். சக்கரம் பொருத்திய குழந்தை நடைவண்டியால் குழந்தைகள் படிகளில் உருண்டு காயமடைவதால், கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் பிள்ளைக்கு ஆபத்தானது பிறர் பிள்ளைக்கும் ஆபத்தானதே.

பெட்டியைத் திறக்கும்போது பிள்ளைகளையும் அருகில் அமர்த்துவோம். அவர்களுடைய பொருளை அவர்களிடம் கேட்டே எடுப்போம். விருப்பமான ஒன்றைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுக்கும் பிள்ளை, நேசிப்பவற்றிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடையமுடியாது என்ற இறைவசனத்தின் (3:92) பொருளை எந்தப் பாடத்திலும் கற்கமுடியாத அளவுக்குக் கற்றுக்கொள்ளும்.

இந்த வாரமே ஒரு பரணையேனும் திறப்போம். நம் பிள்ளைகளின் கரங்களைக் கொடுக்கும் கரங்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.