பிடியும் வடுவும்

மரக்கிண்ணம் ஒன்றைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் அதன் வாயைப் பார்ப்பர், உட்குழிவைத் தடவுவர், மரத்தின் ரேகைகள் ஓடும் அழகைக் கண்டு வியப்பர். கடைசல் தொழில் அறிந்தவரோ கிண்ணத்தை முதலில் கவிழ்த்துவிடுவார். அவருடைய கண் அடிப்புறத்தைத்தான் தேடும். எந்திரத்தில் அந்தக் கிண்ணம் எவ்வாறு பிடிக்கப்பட்டிருந்தது என்பதே அவர் அறிய விரும்புவது. திருகாணித் துளையோ, இரும்புத் தாடை அழுத்திய தடமோ, ஒன்றுமே இல்லாத வழவழப்போ, எது இருப்பினும் அது செய்தவரின் திறத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைதல் என்னும் சொல் தமிழில் தயிருக்கும் உரியது, மரத்துக்கும் உரியது. கடைசல் பிடித்த கட்டில் காலும் பம்பரமும் தமிழர் இல்லங்களில் பழகிய பொருள்கள். மரத்தாலான கிண்ணத்துக்கும் தட்டுக்கும் மரவை என்றொரு பெயர் இருந்தது. உப்பு உலோகத்தை அரித்துவிடும் என்பதறிந்த பெண்கள் அதை மரவையில் இட்டு வைத்தனர். இன்று அச்சொல்லை அறிந்த மாணவர் அரியர்.

கட்டில் காலைக் கடைவதும் கிண்ணத்தைக் கடைவதும் ஒன்றல்ல. கட்டில் காலை இரு முனைகளிலும் கூர் ஊன்றி நிறுத்திவிடலாம். இடைப்பட்ட பகுதி முழுவதும் உளிக்குத் திறந்து கிடக்கும். முனையில் விழும் குழியை அறுத்தெறியலாம். அல்லது தரையை நோக்கியிருக்கும் அதனை எவரும் காணார் என்று விட்டுவிடலாம். கிண்ணத்துக்கு இந்த வசதி இல்லை. அதன் வாய்க்குள் உளி நுழைய வேண்டும். ஆகவே வாய்ப்புறம் திறந்திருக்க வேண்டும். அடிப்புறத்தை மட்டும் பற்றிக்கொண்டு உள்ளே குடைய வேண்டும். குடைந்து முடித்தபின் அடிப்புறத்தைச் செம்மை செய்ய வேண்டுமானால், இப்போது பற்றுவதற்கு இருப்பது மெருகேறிய வாய் ஒன்றுதான். முடிந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் முடியாத பக்கத்தைச் செய்தாக வேண்டும். இதுவே இத்தொழிலின் இக்கட்டு.

மெல்லப் பிடித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. முப்பது செண்டிமீட்டர் குறுக்களவுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு ஆயிரம் முறை சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உளியின் முனை ஒரு கணம் ஆழமாகச் சிக்கிக்கொண்டால், ஓடும் அந்த விளிம்பின் வலிமை முழுவதும் பிடியின்மீது வந்து விழும். பிடி தளர்ந்திருந்தால் கிண்ணம் கழன்று பறக்கும். முகக் கவசம் அணிந்தவர்களையும் அது காயப்படுத்தியிருக்கிறது. ஆகவேதான் தேர்ந்தவர் எந்திரத்தை முடுக்கும்போது கிண்ணம் பறக்கக்கூடிய திசையிலிருந்து விலகி நிற்கிறார். மறுபுறம், அஞ்சி மிகையாக இறுக்கினால் இரும்பு மரத்தில் பதிந்துவிடும். நசுங்கிய நார் மீண்டும் பழைய நிலையை முற்றிலும் அடைவதில்லை. தளர்ந்தால் பறக்கும், இறுகினால் வடுப்படும் என்னும் இந்நிலை, வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக் காப்பவர்க்குப் புதிதாகத் தோன்றாது.

இந்தச் சிக்கலுக்குப் பழங்காலத்தவர் கண்ட தீர்வுகளுள் மிக நேர்த்தியானதை இங்கிலாந்தில் காணலாம். பெர்க்‌ஷயர் வட்டாரத்துப் பக்கிள்பரி என்னும் ஊர்ப்புறப் பொதுவெளியில் ஜார்ஜ் லெய்லி என்பவர் கிண்ணம் கடைந்து வாழ்ந்தார். 1869இல் பிறந்து 1958இல் மறைந்தவர். தந்தையும் பாட்டனும் அதே தொழிலினர். அவருடைய எந்திரத்துக்கு மின்சாரம் இல்லை, நீராவி இல்லை. மேலே வளைந்து கொடுக்கும் நீண்ட கழி; கீழே கால்மிதி; இரண்டையும் இணைக்கும் கயிறு நடுவிலுள்ள உருளையைச் சுற்றிச் செல்லும். மிதித்தால் மரம் ஒரு புறம் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து மரத்தை மறுபுறம் சுழற்றும். மிதிக்கும்போது மட்டுமே வெட்ட இயலும். சுழற்சியில் பாதி வீணாகிறதே என்று எண்ணுவோர் உண்டு. காலின் வலிமைக்கு மேல் மரத்தில் ஏதும் பாய்வதில்லை என்பதால், உளி சிக்கினால் எந்திரம் நின்றுவிடும், கிண்ணம் பறக்காது. இது சிறிய நன்மையன்று.

அந்த உருளையின் முனையில் இரும்பு முட்கள் இருக்கும். அவற்றை மரக்கட்டையில் அறைந்து ஏற்றுவர். மறுபுறம் ஒரு கூர்முனை தாங்கி நிற்கும். முட்கள் பாய்ந்த இடத்தில் வடு விழாமல் இருக்குமா? விழும், ஆழமாகவே விழும். அந்த முட்களைக் கிண்ணத்தின் வாய்ப்புறத்து நடுவில் அறைந்ததில்தான் நுட்பம் இருக்கிறது. குடையும்போது நடுப்பகுதி முழுவதும் நீக்கப்பட வேண்டியதே. கொக்கி போல் வளைந்த உளியால் நடுத்தண்டைச் சுற்றிச் சுற்றிக் குடைந்து, இறுதியில் அத்தண்டை ஒடித்து எடுத்துவிடுவர். முட்களின் வடு தண்டோடு போய்விடும். கிண்ணத்துக்குள் எஞ்சுவது ஒடிந்த இடத்துச் சிறு மேடு ஒன்றே; அதைக் கையுளியால் செதுக்கிவிடலாம்.

பிடி விழும் இடம் எதுவோ அது பின்னர் இல்லாமற்போகும் இடமாக இருக்க வேண்டும். பிற்காலத்துக் கருவிகளுள் பலவும் இந்த ஒரு கருத்தை வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தவையே. லெய்லி அதற்கும் ஒரு படி மேலே சென்றார். ஒடித்தெடுத்த தண்டை அவர் வீசிவிடவில்லை. தண்டைத் தடிமனாக விட்டு, அதிலிருந்தே அடுத்த சிறிய கிண்ணத்தையும், அதன் நடுவிலிருந்து அதைவிடச் சிறியதையும் கடைந்தார். ஒரே எல்ம் மரக்கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள் பிறந்தன. அவர் மறைந்தபோது அந்த மரபு அற்றுப்போனதாகவே கருதினர். அவருடைய எந்திரமும் உளிகளும் ரெடிங் நகரிலுள்ள ஆங்கிலக் கிராமிய வாழ்வு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1990களில் ராபின் வுட் என்பவர் அவற்றை ஆராய்ந்து, தாமே உளி அடித்து, கால்மிதி எந்திரத்தில் கிண்ணம் கடையும் கலையை மீண்டும் உயிர்ப்பித்தார். சொல்லித்தர ஆசான் இல்லாத நிலையில் கருவியே ஆசானாயிற்று.

வடுவே இல்லாதிருப்பது எப்போதும் நன்று என்று சொல்லிவிடவும் முடியாது. ஜப்பானில் எட்டாம் நூற்றாண்டில், 764ஆம் ஆண்டுக் கலகம் அடங்கியபின், பேரரசி சோத்தொகு பத்து இலட்சம் சிறு மரக்கோபுரங்களைச் செய்வித்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 செண்டிமீட்டர் உயரம். ஒவ்வொன்றுக்குள்ளும் அச்சிட்ட மந்திரத் தாள் ஒன்று. 770இல் பணி முடிந்து, பத்துக் கோயில்களுக்கு அவை பகிர்ந்தளிக்கப்பட்டன. ஹோரியூஜி கோயிலில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. அச்சுக்கலையின் வரலாற்றைப் பேசுவோர் உள்ளேயிருந்த தாளைப் புகழ்வர். கோபுரங்களைக் கவிழ்த்துப் பார்த்த ஆய்வாளர்களோ, அடியில் கடைசல் எந்திரத்தின் முட்கள் பதிந்த தடங்களைக் கண்டனர். பல அடிகளில் மையால் எழுதிய பெயர்களும் நாட்களும் இருந்தன. அக்காலத்து எந்திரம் மரத்தை எவ்வாறு பற்றியது என்பதை அறிய அந்தத் தடங்கள் உதவின. அடிப்புறத்தை எவர் பார்க்கப்போகிறார் என்று கடைசல்காரர் விட்டுவைத்த வடு, ஆயிரத்திருநூறு ஆண்டு கடந்து சான்றாக நிற்கிறது.

மின்விசை வந்தபின் நிலைமை மாறியது. எந்திரம் இடைவிடாது ஒரே திசையில் சுழன்றது; வலிமையும் பெருகியது. முட்கள் மட்டும் போதாவாயின. வட்டமான இரும்புத் தட்டில் கட்டையைத் திருகாணிகளால் முடுக்கும் வழக்கம் பரவியது. பிடி உறுதியானதே. ஆனால் கிண்ணத்தின் அடியில் நான்கு துளைகள் எஞ்சின. அவற்றை மெழுகாலும் மரப்பொடியாலும் அடைத்து, மேலே பச்சைத் துணி ஒட்டி மறைத்தனர். மறைப்பது தீர்வாகாது என்று கருதியவர்கள் இடையில் ஒரு கழிவுக் கட்டையைச் சேர்த்தனர். திருகாணி கழிவுக் கட்டையில் ஏறும். கழிவுக் கட்டை கிண்ணத்தோடு பசையால் ஒட்டப்படும். இரண்டுக்கும் நடுவே ஒரு தாளை வைத்து ஒட்டுவது இதிலுள்ள சூழ்ச்சி. வேலை முடிந்ததும் இணைப்பில் உளியை வைத்து மெல்லத் தட்டினால் தாள் இரண்டாகப் பிளக்கும். கிண்ணம் துளையின்றிக் கழன்று வரும். பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தாங்கும் அதே தாள், பிளக்கும் விசைக்கு மட்டும் இணங்கிக் கொடுக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நான்கு தாடைகள் கொண்ட சக் என்னும் இரும்புக் கவ்வி மரக் கடைசலில் பரவலாயிற்று. சாவியைத் திருப்பினால் நான்கு தாடைகளும் ஒருசேர மையத்தை நோக்கி நகரும். கிண்ணத்தின் அடியில் காம்பு போன்ற ஒரு வட்டப் பகுதியை விட்டு, தாடைகளை அதன்மீது இறுக்குவர். காம்பின் நுனி சற்றே அகன்றும் அடி சற்றே குறுகியும் இருந்தால், இறுக்க இறுக்கக் கிண்ணம் தாடைக்குள் இழுக்கப்படும். எளிய ஏற்பாடு, ஆயினும் கற்றுக்கொள்வோர் பலர் இதிலேயே தடுமாறுகின்றனர். நான்கு தாடைகளும் ஏறத்தாழ மூடிய ஒரு நிலையில் மட்டுமே அவற்றின் உட்புறம் முழு வட்டமாக அமையும். காம்பு அந்த அளவில் இருந்தால் தாடை முழுவதும் மரத்தைத் தழுவும். அதைவிடப் பெரிதாக இருந்தால் தாடைகள் விரிந்து, தாடைக்கு இரண்டாக எட்டு மூலைகள் மட்டுமே மரத்தைத் தொடும். அப்போது அவை தழுவுவதில்லை, கடிக்கின்றன. வடு விழுவதோடு பிடியும் உண்மையில் குறைந்துபோகிறது.

வேறொரு பிழையும் பரவலாக நிகழ்வது. காம்பின் நுனி சக்கின் உட்தளத்தில் முட்டினால் உறுதி கூடும் என்று எண்ணி அதை நீளமாக விட்டுவிடுகின்றனர். உண்மையில் கிண்ணத்தின் அடித்தளம் தாடைகளின் மேல்முகத்தில் சுற்றிலும் பதிந்து உட்கார வேண்டும். காம்பு உள்ளே எதையும் தொடலாகாது. ஆட்டத்தைத் தாங்குவது அந்த உட்காருமிடம்தான். தாடையின் இறுக்கம் அதைக் கழலாமல் காப்பதோடு சரி. இதை அறியாதவர் ஆட்டம் கண்டபோதெல்லாம் சாவியை மேலும் மேலும் திருப்புவார். மரம் நசுங்குமேயன்றி ஆட்டம் நிற்பதில்லை.

மரம் இரும்பைப்போல் அசையாப் பொருளும் அன்று. பச்சை மரம் காயும்போது சுருங்குகிறது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அன்று. வளர்வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாட்டில் சுருக்கம் மிகச் சிறிது. ஆதலால் பச்சையாகக் கடைந்த வட்டக் கிண்ணம் காய்ந்தபின் முட்டை வடிவாகிறது; காம்பும் அவ்வாறே ஆகிறது. அனுபவமுடையோர் முதலில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டுக் கடைந்து, பல மாதங்கள் உலர வைத்து, பின்னர் காம்பை மீண்டும் வட்டமாக்கிய பிறகே இரண்டாம் முறை கடைவர். கோணிய காம்பை அப்படியே தாடைக்குள் திணிப்பவர்க்கு வடுவும் கிட்டும், விரிசலும் கிட்டும்.

இவ்வளவும் செய்தபின் இறுதிக் கேள்வி எஞ்சுகிறது. உட்புறம் மெருகேறிவிட்டது, வெளிப்புறமும் மெருகேறிவிட்டது. இதுவரை பற்றியிருந்த காம்பை நீக்க வேண்டும். இனி எதைப் பற்றுவது?

இதற்குப் பழைய விடை மரத்தை மரத்தாலேயே பிடிப்பது. கழிவுக் கட்டை ஒன்றை எந்திரத்தில் ஏற்றி, கிண்ணத்தின் வாய் சரியாகப் பொருந்தும்படி மிகச் சிறிய சாய்வோடு கடைந்து, கிண்ணத்தை அதன்மீது கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுவர். இரும்பு இல்லை, திருகாணி இல்லை, பசை இல்லை. உராய்வு ஒன்றே பிடி. ஒரு சீவல் மிகையானாலும் கிண்ணம் தளர்ந்துவிடும். குறைந்தாலோ விளிம்பு விரிந்து பிளக்கும். தளர்ந்துவிட்டால் கட்டையில் சிறிது நீர் தடவுவர். மரம் உப்பி மீண்டும் பற்றிக்கொள்ளும். மெல்லிய தாளை இடையில் வைப்பாரும் உண்டு. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனியே ஒரு கட்டை கடைய வேண்டியிருப்பதால், விரைவை விரும்புவோர் விளிம்பைச் சுற்றி ரப்பர் குமிழ்கள் பற்றும் பெரிய தட்டுகளை வாங்கிக்கொள்கின்றனர். ரப்பர் வடு ஏற்படுத்தாது. ஆயினும் அதன் பிடி வலுவற்றது. வேகத்தைக் குறைத்து, இயன்றவரை மறுபுறம் ஒரு கூர்முனையால் தாங்கியே பயன்படுத்த வேண்டும்.

காற்றே பிடிக்கும் முறையும் உண்டு. வட்டக் குழாயின் வாயில் மென்மையான ரப்பர் விளிம்பை ஒட்டி, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றைப் பொறியால் உறிஞ்சிவிடுவர். பதினைந்து செண்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 177 சதுரச் செண்டிமீட்டர். காற்றில் மூன்றில் இரு பங்கை வெளியேற்றினாலே வெளிக்காற்று நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையோடு கிண்ணத்தை அழுத்திப் பிடிக்கும். இரும்பு செய்ய இயலாததைக் கண்ணுக்குத் தெரியாத காற்று செய்கிறது. ஒரு கீறலும் இல்லை. அறிவியல் ஆசிரியர்கள் வாளியையும் குவளையையும் வைத்துக் காட்டும் பாடத்துக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆயினும் மிக மெல்லிய கிண்ணம் அந்த அழுத்தத்தில் உள்வாங்கி உடைந்துவிடும். நுண்துளை மிகுந்த மரமோ காற்றைக் கசியவிட்டுப் பிடியைத் தளர்த்தும்.

எம்முறையைக் கையாண்டாலும் காம்பை நீக்கும் வேலையில் அவசரம் ஆகாது. கருவிகள் குறைந்த பட்டறையில், தோல் அல்லது துணி போர்த்திய கட்டைமேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, காம்பின் நடுவில் கூர்முனையை மெல்ல ஊன்றி நிறுத்துவர். மெல்லிய சீவல்களாகக் காம்பு தேய்ந்து வரும். விரல் பருமனில் ஒரு முளை எஞ்சும்போது எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த முளையின் உச்சியில்தான் கூர்முனை பதிந்த குழி இருக்கிறது. கிண்ணத்தை மடியில் கவிழ்த்து, கையுளியால் முளையைச் சீவி எடுத்து, மணல்தாளால் தேய்ப்பார் கடைசல்காரர். குழி முளையோடு போய்விடும். பிறகு அவ்விடத்தில் மரத்தின் பெயரையும் ஆண்டையும் தம் பெயரையும் சிறிய எழுத்தில் பொறித்து, எண்ணெய் தடவி, கிண்ணத்தை நிமிர்த்தி வைப்பார்.