காலி இடம் அல்ல

திருச்சி மெயின்கார்டு கேட்டைச் சுற்றிக் கடைப் பலகைகளும் தள்ளுவண்டிகளும் ஆட்டோக்களும் நெருக்கியடிக்கின்றன. அந்த நெரிசலுக்கு நடுவே, தெப்பக்குளத்தை அடுத்து, செயின்ட் ஜோசப் கல்லூரி மரமும் மைதானமுமாக விரிந்து கிடக்கிறது. 1844-ல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883-ல் இங்கே குடிவந்த கல்லூரி இது. வருகிறவர்கள் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரத்தையும் லாலி ஹாலையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். காலடியில் இருக்கும் மண்ணைப் பார்ப்பதில்லை. நகரத்தின் நடுவில் வெறும் மண்ணாக இருந்தால் அதைக் 'காலி இடம்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லே தவறு. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலைக் கடந்த நம்பெருமாள், மணல்வெளி வழியாகத்தான் ஆயிரங்கால் மண்டபப் பக்கம் எழுந்தருளுகிறார். அந்த மணல்வெளியை யாரும் காலி இடம் என்பதில்லை. கல்லூரி மைதானமும் அப்படித்தான்: வேறு வேறு பிள்ளைகள் கலந்து பழகுகிற இடம் அது.

1950 முதல் 1954 வரை இங்கே படித்த அப்துல் கலாம், விடுதி அறையில் தம்மோடு இருந்தவர்களைத் தன் வரலாற்றில் நினைவுகூர்கிறார்: ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். ராமேஸ்வரத்து இளைஞருக்கு அந்த அறையும் ஒரு படிப்புதான். அது நடந்தது விடுதியில், மைதானத்தில் அல்லவே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் லால்குடியிலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும் தினமும் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைக்கு விடுதி அறை ஏது? வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைப் பாடப்பிரிவே முடிவு செய்துவிடுகிறது. மரத்தடியில் தாவரவியல்காரனும் தமிழ் படிக்கிறவனும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்கிறார்கள். வீட்டிலிருந்து வருகிறவனுக்கு அந்த நிழல்தான் விடுதி.

மாணவர் பெருகும்போது புது வகுப்பறைகளுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. தேவை உண்மைதான், கல்லூரியை அருங்காட்சியகமாக உறைய வைக்க முடியாது. இருக்கிற கட்டடத்தின் மேல் ஒரு மாடி எழுப்பலாம், வேண்டாமென்றால் இடிக்கவும் செய்யலாம். கட்டிவிட்ட வெளியோ திரும்பி வருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிக் கோட்டையின் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த இடத்தில் இன்று மேலப் புலிவார்டு சாலையும் கடைகளும் இருக்கின்றன, நெரிசலும் அப்படியே இருக்கிறது. அகழி மட்டும் இல்லை.

இது எந்தப் பழைய கல்லூரிக்கும் பொருந்தும். பழைய மாணவர்களே, உங்கள் கல்லூரிக்கு நன்கொடை தரும்போது, "நடு மைதானத்தில் மட்டும் கட்டாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள்.