தாத்தாவுக்கு ‘எஃப்’ பிடிக்கல!

உங்க வீட்டுல கீபோர்டு இருக்கா பாஸ்? ஒரு பட்டனைத் தட்டினா கார்ட்ஸ் தானா மாறி மாறி ஒலிச்சு, நம்மளையே ஏ.ஆர்.ரஹ்மான்னு நம்ப வைக்குமே... அந்த மயக்கத்துல விழுந்தவன்தான் நானும்!

படிக்கிறது இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் (அரியர் பத்தி அப்புறம் பேசலாம்). ஊர் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி. தியாகி சுப்பிரமணிய சிவா 1925-ல் கண்மூடிய ஊர். அங்கே எங்க தெருவுல வந்து கேட்டா, ‘பெட்டிக்காரர் வீடா?’ன்னு வழி காட்டுவாங்க. பெட்டின்னா ஆர்மோனியம். தெருக்கூத்துல விடிய விடிய வாசிச்சுக்கிட்டே பாடினவர் எங்க தாத்தா. இப்போ கை நடுங்குது. பெட்டி பரண்ல ஏறிடுச்சு.

போன லீவுல அம்மா மெதுவா சொன்னாங்க, “தாத்தா பாடறதையே விட்டுட்டாருடா.”

விடுவேனா? ஹாஸ்டல்ல செகண்ட் ஹேண்டா வாங்கின கேசியோவைத் திண்ணையில வெச்சேன். “நீங்க பாடுங்க தாத்தா, மாரியம்மன் பண்டிகையில ரெண்டு பேரும் கலக்கறோம்!” அதுல ‘மியூசிக் ப்ரீசெட்’னு ஒண்ணு இருக்கு. ரிதம், டோன், கார்ட் வரிசை எல்லாம் ரெடிமேட். சி, ஏ மைனர், எஃப், ஜி... தட்டி விட்டேன். தாத்தா மோகனத்துல ஒரு சாமி பாட்டை எடுத்தார். ரெண்டே வரி. நிறுத்திட்டார்.

“ஏன் கண்ணு, மோகனத்துல மத்யமம் எங்கேருந்து வந்துச்சு?”

நான் முழிச்சேன். அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, “நீ வாசி சாமி, நான் கேக்கறேன்”னு உள்ளே போய்ட்டார். அந்த ‘நான் கேக்கறேன்’ இருக்கே... ராத்திரி தூக்கமே வரல.

உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தேன். மோகனத்துக்கு ச, ரி, க, ப, த... அஞ்சே ஸ்வரம். ச-வை சி-ன்னு வெச்சா சி, டி, இ, ஜி, ஏ. எஃப் கார்டைப் போட்டா எஃப், ஏ, சி. அந்த எஃப்தான் மத்யமம்! ஜி மேஜர்ல ஒரு ‘பி’ ஒளிஞ்சிருக்கு, அது நிஷாதம். மேஜர், மைனர்னு தேடினா இந்த ராகத்துக்குள்ள முழுசா அடங்கறது சி மேஜரும் ஏ மைனரும் மட்டும்தான். எஃப் இருந்த இடத்துல ஏ மைனர் போட்டேன். ஜி மேஜருக்குப் பதிலா ஜி சஸ்-ஃபோர்: ஜி, சி, டி. மூணும் மோகனத்துக்குள்ளேயே!

அடுத்த சிக்கல் தாத்தாவோட இழுப்பு. மெஷினுக்கு ஒரு வரின்னா நாலு பார். அவருக்கு அஞ்சு. எந்த இடத்துல எந்த கார்டுன்னு ஸ்க்ரீன்ல வர்றதை ஒவ்வொண்ணா மாத்தி, கடைசி சி-யை ஒரு பார் நீட்டினேன். ஒருகாலத்துல மைக் இல்லாம அஞ்சு கட்டையில பாடினவர், இப்போ ரெண்டரைக்கு இறங்கிட்டார். ட்ரான்ஸ்போஸை 3 ஏத்தினேன். இதைச் செய்யும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு.

மறுநாள் ஐஸ் வைக்க ஒரு கதை சொன்னேன். ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டதாம். நம்ம சங்கீதத்துல ஸ்வரம் குழையணும், வளையணும். அந்தக் கட்டைகள்ல வளையாதுன்னு. 1971-லதான் தளர்த்தினாங்க. தாத்தா சிரிச்சார். “எம் பெட்டியையே வெரட்டுனாங்களா? சரி, உன் பெட்டியைத் தட்டு.”

பாடினார்! பல்லவி, சரணம்... நடுவுல இருமல், திரும்பப் பல்லவி. அம்மா சமையல்கட்டு வாசல்லயே நின்னுட்டாங்க. முடிச்சதும் எனக்கு ஒரே பெருமை. ஆனா அவர் லேசுல விடுவாரா?

“சரணத்துல மேலே போறப்ப உன் மெஷினு கொஞ்சம் வாயை மூடட்டும்.”

அதுக்கு எடிட்டிங் எல்லாம் தேவையில்லைங்க. அந்த இடம் வந்தா அக்கம்பனிமென்ட் பட்டனை நானே அணைச்சுடறேன். தாளம் மட்டும் ஓடும். தாத்தா மேலே போய்ட்டு, இறங்கும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். அப்புறம் ஆன் பண்ணுவேன்.