காவிமண் ஊருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ரூசியோன்,

தெற்குப் பிரான்சின் வோக்ளூஸ் மாவட்டத்தில், லுபெரோன் மலையைப் பார்த்தபடி குன்றின்மேல் உட்கார்ந்திருக்கும் சிற்றூர் நீ. சுமார் 1,300 பேர்தான் உன் குடிகள். வந்து போகும் ஆயிரக்கணக்கானோரில் என்னை உனக்கு நினைவிருக்க வழியில்லை. ஆனாலும் உன்னிடம் பட்ட கடன்களை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரூசியோனே, முதல் கடன் உன் நிறத்துக்கு. மஞ்சளில் தொடங்கி இரத்தச் சிவப்பு வரை காவியின் எல்லாச் சாயல்களும் உன் சுவர்களில் இருக்கின்றன. உன் மண்ணைத் தண்ணீரில் கழுவுவார்கள். மணல் கீழே தங்கிவிடும், காவி நீரோடு தொட்டிக்குப் போய்ப் படியும். அதைக் காயவைத்து அரைப்பார்கள். மஞ்சள் காவியைச் சூளையில் சுட்டால் சிவந்துவிடும். செயற்கைச் சாயங்கள் வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தன. உன் மத்தியே காவி ஆலை 1963இல் மூடப்பட்டது. நீ அதை இடித்துத் தள்ளவில்லை, நிறங்களைக் கற்றுத்தரும் இடமாக்கினாய். பிழைப்பு போன பிறகும் மண்ணின் மீதான மரியாதை போகவேண்டியதில்லை என்பதை உன்னிடம்தான் கற்றேன்.

ரூசியோனே, நீ சாமுவேல் பெக்கெட்டைக் காப்பாற்றியதற்கும் நன்றி. பாரிஸில் அவர் இருந்த நாஜி எதிர்ப்புக் குழு 1942இல் காட்டிக்கொடுக்கப்பட்டது. தப்பி ஓடிய அவரும் அவர் துணைவி சுசானும் உன்னிடம் வந்து சேர்ந்தார்கள். பெரிய எழுத்தாளர் என்று அன்று யாரும் அறியாத அந்த அயர்லாந்துக்காரருக்கு உன் விவசாயிகள் வயலில் வேலை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு வழி பிறந்தது. போர் முடியும் தறுவாய் வரை உன்னிடம் இருந்து, 'வாட்' நாவலின் பெரும்பகுதியை எழுதினார். 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தின் பிரெஞ்சு மூலத்தில் உன் பெயரும், திராட்சை பறிக்க அவரை அழைத்த விவசாயி பொன்னெல்லியின் பெயரும் வருகின்றன. பெக்கெட் உனக்குச் செலுத்திய நன்றி அது. அந்த நாடகத்தைப் படித்து வளர்ந்த நானும் உனக்குக் கடன்பட்டவன்தான்.

ரூசியோனே, ஓர் ஊரை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தந்ததும் நீதான். அமெரிக்கப் பேராசிரியர் லாரன்ஸ் வைலி 1950இல் மனைவி, இரண்டு மகன்களோடு உன்னிடம் வந்து ஓராண்டு குடியிருந்தார். பள்ளிக்கூடம், காப்பிக்கடையின் சீட்டாட்டம், குண்டு உருட்டும் விளையாட்டு, குடும்பச் சண்டை என்று எல்லாவற்றையும் கவனித்து, உனக்குப் 'பெய்ரான்' என்று மாற்றுப்பெயர் சூட்டி 1957இல் புத்தகமாக்கினார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் உன் குணத்தையும் மறைக்கவில்லை. நீயும் அவரை விரட்டவில்லை!

ரூசியோனே, அந்தப் புத்தகத்தில் என்னை அதிகம் பாதித்தது உன் அவநம்பிக்கை. இரண்டு போர்களைக் கண்டு களைத்த உன் மக்கள், மூன்றாவதும் வந்துவிடும், எதற்குப் பழமரம் நடவேண்டும் என்று கேட்டார்கள். பத்தாண்டு கழித்து வைலி திரும்பி வந்தபோது, கடன் வாங்கித் தோட்டம் போட்டிருந்தார்கள். மனம் சோர்ந்த நாட்களில் எனக்கு அந்தத் தோட்டங்கள்தான் நினைவுக்கு வரும்.

ரூசியோனே, சின்னக் கடன்களும் உண்டு. ரொட்டிக்கடைக்குள் நுழைபவர், அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு 'போன்ழூர்' வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வரிசையில் நிற்பார். அந்நியனான எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

இந்த மடலைப் பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரூசியோனுக்குப் போனால் காவிப் பாதையில் நடந்து படம் எடுத்துக்கொண்டு உடனே பேருந்து ஏறிவிடாதீர்கள். ஓர் இரவாவது தங்குங்கள். கடைக்குள் போனால் முதலில் வணக்கம் சொல்லுங்கள். அந்த மண்ணை மட்டும் அள்ளி வராதீர்கள். அதற்கு அங்கே தடை இருக்கிறது.