கடல் காற்றுக்குக் கிரயம் இல்லை

"திருவான்மியூரிலா இருக்கிறீர்கள்? கொடுத்து வைத்தவர்கள்!" என்று சொல்லாத உறவினர் எங்களுக்கு இல்லை. நானும் மறுப்பதில்லை. சென்னைக்குள்ளேயே இருக்கிறோம், பஸ், ரயில் எல்லாம் பக்கத்தில். அப்படியும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அலையின் இரைச்சலும் எங்கோ ஒரு நாய் குரைப்பதும்தான் காதில் விழும். விடிகாலையில் மருந்தீசுவரர் கோயில் மணி. 1962-ல் அடையாற்றிலிருந்து இங்கே இடம் மாறிய கலாக்ஷேத்திரத்தின் மரநிழல். கோடை மத்தியானத்தில் உடம்பு வெந்துகொண்டிருக்கும்போதே, வாசல் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருமே அந்தக் கடல் காற்று, அதற்கு ஈடு உண்டா?

ஆனால் சகோதரிகளே, இவையெல்லாம் இனாம். எந்தக் கிரயப் பத்திரத்திலும் எழுதி விற்க முடியாதவை. வீடு விற்பவர்களோ இந்த இனாமுக்குத்தான் விலை சொல்கிறார்கள். நாம் காசு கொடுத்து வாங்குவது வேறு மூன்று: தண்ணீர், கம்பி, காகிதம். இதை எனக்குப் புரியவைத்தவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மாமியார்.

புரசைவாக்கத்தில் 19 வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். இவர் ஓய்வு பெறச் சில வருஷங்களே இருந்தன. நான் பள்ளிக்கூட வேலையில் சேர்த்த பிராவிடண்ட் பண்டு, என் ஆறு வளையல், இவருடைய சேமிப்பு, பாங்க் கடன் எல்லாம் சேர்த்தால் ஒரு வீடு. ஒன்றே ஒன்றுதான். அது சரியில்லை என்றால் இன்னொன்று வாங்க ஆயுசும் போதாது, பணமும் போதாது.

புரோக்கர் முதலில் காட்டியது கோட்டிவாக்கத்தில் கடலை ஒட்டிய ஒரு ப்ளாட். 2011-ல்தான் அந்த ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்திருந்தது. மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல்! சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டிப்போயிருந்தார். காற்று ஆளைத் தள்ளியது. என் மகள் ஜன்னலை விட்டு வரவே மாட்டேன் என்றாள். இவரும் அட்வான்ஸ் பேச ஆரம்பித்துவிட்டார்.

மாமியார் மட்டும் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார். "ஏம்மா, இதுல பருப்பு வேகுமா?" என்றார் என்னிடம். நானும் வாயில் விட்டுப் பார்த்தேன். கரித்தது. பிறகு சோதித்ததில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. குடிநீரில் 500-க்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்திலும் 2000-தான் எல்லை. மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வார்த்தை. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டுத் தண்ணீரில் சேர்த்துக் குடித்தால் என்ன பயன்?

"இன்னும் ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி வரும்" என்றார் புரோக்கர். கடலோரத்தில் இந்தக் கணக்கே தலைகீழ். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை கரை நெடுக மணல்பாங்கு. பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பாலின் மேல் ஆடை மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், நாளாவட்டத்தில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். ஆகவே இங்கே ஆழ்குழாயைவிட, மேல் தண்ணீரை அளவாக எடுக்கும் உறைகிணறே நல்லது. மழைநீர் சேமிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்றாலும், மற்ற ஊர்களைவிடக் கடலோரத்துக்கு அது உயிர்நாடி.

அடுத்தது கம்பி. அந்தக் கட்டடத்துக்கு வயசு ஆறுதான். அதற்குள் பால்கனிக் கிராதி பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. மாடிப்படி உத்தரத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, ஓரமாய்ச் செம்பழுப்புக் கறை. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் உப்பிப் பருக்கும். பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். மேலே சுண்ணாம்பு அடித்தால் கறைதான் மறையும், துரு நிற்காது.

மூன்றாவது காகிதம். எங்கள் வக்கீல், "கடல் பக்கத்துக் கட்டடமா? அப்ப முதல்ல அனுமதியைக் காட்டச் சொல்லுங்க" என்றார். 1991-லிருந்து கடலோர ஒழுங்குமுறை விதி அமலில் இருக்கிறது. பிறகு 2011-லும் 2019-லும் திருத்தி வெளியிட்டார்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் அதற்குள் வரும். நகரப் பகுதியில், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். நாங்கள் பார்த்த கட்டடம் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, விற்பவர் நகலைக் காட்டுகிறேன், நாளைக்குக் காட்டுகிறேன் என்றார். அந்த நாளை வரவேயில்லை. நாங்களும் விட்டுவிட்டோம். மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு திருவான்மியூரில் கடலிலிருந்து நாலைந்து தெரு உள்ளே தள்ளி இந்த வீடு கிடைத்தது. எட்டே குடித்தனம். ஜன்னலில் கடல் இல்லை, பக்கத்து வீட்டு முருங்கை மரம்தான். ஆனால் பின்பக்கம் உறைகிணறு, மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் அதை நோக்கி இறங்கும்படி குழாய். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது வீடு" என்றார்.

பத்திரம் எழுதும் சமயம்தான் வீட்டுக்குள் ஒரு சிக்கல். யார் பேரில் பதிவது? "என் பேர்ல இருந்தா என்ன, உன் பேர்ல இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதானே!" என்றார் இவர். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அவர் அறிந்த உலகத்தில் அப்படித்தான் வழக்கம். எனக்கோ தொண்டை அடைத்தது. என் உழைப்பும் வளையலும் அதில் இருக்கிறதே என்று எப்படிச் சொல்வது? கணக்குப் பார்க்கிறாள் என்று ஆகிவிடாதா?

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிராமலே சொன்னார்: "ஒண்ணுதான்னா அவ பேரையும் போடேம்ப்பா. எங்க ஊர் வீடு என் நகையிலதான் எழுந்துச்சு. பத்திரம் உங்க தாத்தா பேர்ல. பாகம் பிரிச்சப்ப உங்கப்பாவுக்கு வந்தது கால் பங்கு. நான் கொண்டுவந்தது இந்தக் குத்துவிளக்கு ஒண்ணுதான்."

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி அத்தனையும் ரெண்டு பேர் பேர்லயே எழுதிடலாம்" என்றார். 2013-ல் இருவர் பெயரிலும் பதிவாயிற்று. கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியதை மறைக்கவில்லை.

செலவுக் கணக்கும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பேரில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்து பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சென்னைக் கடலோரத்தில் அந்த விலைக்கு வீடு ஏது என்பீர்கள். சலுகைக்காக மட்டும்தானா பேர் போடுவது?

குடிவந்த பிறகு கற்றதும் உண்டு. கடல் காற்று மூச்சிரைப்புக்கு மருந்து என்று நம்பி வந்த மாமியாருக்கு முதல் மழைக்காலத்தில் இழுப்பு அதிகமாயிற்று. காரணம் கடலல்ல, ஈரத்தில் பீரோவுக்குப் பின்னால் பூத்திருந்த பூஞ்சணம் என்று டாக்டர் கண்டுபிடித்தார். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மெத்தை தலையணையை வாரம் ஒருமுறை வெயிலில் போடுகிறோம். வெயில் வந்ததும் எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். இழுப்பு தணிந்தது. அப்பளமும் தீப்பெட்டியும் இறுக மூடும் டப்பாவில்தான். கிராதிக்கு வருஷத்துக்கு ஒரு தரம் துரு சுரண்டிச் செங்காவிப் பூச்சு அடித்துப் பிறகு பெயிண்ட். கேஸ் அடுப்பின் கால், பிரிட்ஜின் பின்பக்கம் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கடலோரத்தில் வீடு வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பது மாதிரி.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஊரே குடமும் கையுமாய் லாரிக்குக் காத்திருந்தது ஞாபகமிருக்கும். எங்கள் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிற்று, வற்றவில்லை. எட்டு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து பேசி, காலையில் அரைமணி, மாலையில் அரைமணி மட்டும் மோட்டார் என்று வைத்துக்கொண்டோம். உப்பு ஏறவில்லை.

வீடு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் காற்று வீசும்போது மட்டும் பார்த்துவிட்டு மயங்கிவிடாதீர்கள். கோடையில், காற்று எழும்புமுன் காலை பதினோரு மணிக்கு ஒரு தரம் போங்கள். கனமழை பெய்த மறுநாள் ஒரு தரம் போய்த் தெருவில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி நாலையும் நம்பிக்கையான வக்கீலிடம் காட்டுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரம்தான் தெரியும். கோர்ட்டு வழக்கும் பதியாத உயிலும் தெரியாமல் போகலாம். கோயில் நிலமா, புறம்போக்கா என்றும் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், கடைசியாகப் பத்திர நகலை வாங்கி, கிரயம் பெறுபவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று ஒரு தரம் வாசித்துப் பாருங்கள்.