கரும்புக் காட்டு நிலா

மளிகைச் சீட்டு இல்லாமல் நீங்கள் கடைக்குப் போனதுண்டா? நான் போனால் பத்துச் சாமான்களில் மூன்றை மறந்துவிட்டுத்தான் திரும்புவேன். அதுவும் எந்த மூன்று? புளி, கடுகு, பெருங்காயம் என்று அன்றையச் சமையலுக்கு உயிரான மூன்று! பிறகு வீட்டில் எனக்கு நடக்கும் அர்ச்சனையை இங்கே விவரிப்பானேன்? எழுத்தை நம்பியே பிழைக்கிறவன் நான். எழுத்தே தெரியாத ஒரு பாடகியின் கதையைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தாய்லாந்தில் 'லூக் துங்' என்று ஒரு சங்கீதம் உண்டு. வயல்வெளியின் பிள்ளை என்று பொருள். பிழைப்புத் தேடிப் பாங்காக் வந்த கிராமத்து ஜனங்களின் ஏக்கமும், காதலும், கேலியும் அதில் இருக்கும். அந்தச் சங்கீதத்துக்கு மகாராணி என்று இன்றும் கொண்டாடப்படுகிறவர் பும்புவாங் துவாங்சன். 'துவாங்சன்' என்றால் நிலா. நம் 'சந்திரன்' கடல் கடந்து போய் அங்கே 'சன்' ஆகியிருக்கிறான்! அவர் வளர்ந்த சுபன்புரியும் நமக்குத் தெரிந்த பெயர்தான், சுவர்ணபுரி.

பெயரில்தான் சுவர்ணம். 1961 ஆகஸ்டு 4-ஆம் தேதி பிறந்த அந்தப் பெண்ணின் வீட்டில் பன்னிரண்டு குழந்தைகள். தாய் தகப்பன் கூலிக்காரர்கள். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கையில் அரிவாள் வந்தது. கரும்பு வெட்டியிருக்கிறீர்களா, சகோதரிகளே? நானும் வெட்டியதில்லை. ஆனால் அந்தச் சோகை ஒரு தடவை கையைக் கீறிவிட்டால் எப்படி எரியும் என்று தெரியும். அந்தக் காட்டில் நின்றுதான் அவள் பாடினாள்.

பதினைந்து வயதுவாக்கில் வைபோட் பெட்சுபன் என்ற பிரபல பாடகரின் குழுவில் சேர்ந்தாள். அங்கே ஒரு சங்கடம். பாட்டைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாதே! யாராவது உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டுவார்கள். அவள் கேட்டு, வாயில் முணுமுணுத்து, மனத்தில் போட்டுக்கொள்வாள். ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கான பாட்டுகளை இப்படியே பாடினார். (பார்த்தீர்களா, 'அவள்' எனக்குத் தெரியாமலே 'அவர்' ஆகிவிட்டது!)

1980-களில் காஸெட் யுகம். லூக் துங்கோடு நாட்டியத் தாளத்தையும் மின்சார வாத்தியங்களையும் கலந்து, ஜரிகையும் ஜிகினாவும் மின்ன அவர் மேடையில் ஆடிப் பாடியபோது, கிராமத்துப் பாட்டு என்று முகம் சுளித்த பட்டணத்துக்காரர்களும் வாங்கிக் கேட்டார்கள். சினிமாக்களிலும் நடித்தார். ஆனால் அவருடைய சிம்மாசனம் மேடைதான். கோயில் திருவிழா மைதானம், விடிய விடியக் கச்சேரி, ரசிகர்கள் கழுத்தில் போடும் ரூபாய் நோட்டு மாலை... மன்னிக்கவும், அங்கே 'பாட்' நோட்டு.

தாய்லாந்து இளவரசி சிரிந்தோன் ஒரு பாட்டு எழுதினார். காதல் பாட்டல்ல, சமையல் பாட்டு! பச்சைப் பப்பாளிக்காயைச் சீவி, எலுமிச்சைச் சாறும் மீன் சாறும் காரமும் சேர்த்து உரலில் இடித்துச் செய்கிற 'சோம் தம்' என்ற பண்டத்தின் செய்முறை. அதைப் பாடியவர் பும்புவாங். அரண்மனையில் எழுதிய பக்குவம், அதைப் படிக்கத் தெரியாத கூலிக்காரர் மகளின் குரலில் ஊர் ஊராகப் போயிற்று. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 'லூபஸ்' என்ற வியாதி. நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, எதிரி யார் என்று தெரியாமல் சொந்த உடம்பையே தாக்கும், சிறுநீரகத்தையும் விடாது. இந்த வியாதிக்கு ஆளாகிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதினரே அதிகம். மூட்டு வலி, தீராத அசதி, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு என்று அது தலைகாட்டும். 'வேலை செய்த அலுப்பு' என்று நம் வீட்டுப் பெண்கள் சுக்குக் கஷாயத்தோடு நிறுத்திக்கொள்கிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது: டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

1992 ஜூன் 13-ஆம் தேதி, பிட்சனுலோக் நகரில் அவர் காலமானார். முப்பத்தொன்று நிறைய இரண்டு மாதம்கூட இல்லை. சுபன்புரியில் உள்ள தப்கிரதான் ஆலயத்தில், அரசரின் ஆதரவோடு தகனம் நடந்தது. இளவரசி சிரிந்தோனே வந்திருந்தார்.

2011-இல் அவர் வாழ்க்கை சினிமாவாகவும் வந்தது. அந்த ஆலயத்தில் இன்று அவருடைய உருவங்கள் இருக்கின்றன. அபிமானிகள் பளபளக்கும் கவுன்களையும், பவுடர், உதட்டுச் சாயங்களையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். பாடகியாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்களும் வருவதுண்டு. தாய்லாந்தில் மாதம் இரண்டு தடவை லாட்டரிக் குலுக்கல். அதற்கு முந்தின நாட்களில் கேட்கவே வேண்டாம், கூட்டம்! காகிதத்தில் எதையும் படிக்காமல் போனவரிடம், சீட்டில் அச்சாகிற எண்ணைக் கேட்டு நிற்கிறார்கள்.