எடையும் வயதும்

பெண்ணின் உடல் எடையைக் குறித்து நம் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்கள் இரண்டே. ஒன்று, 'பூசினாற்போல் இருக்கிறாள்'. மற்றொன்று, 'இளைத்துத் துரும்பாகிவிட்டாள்'. இவற்றுக்கு எண் எதுவும் தேவைப்படவில்லை. எண்ணைக் கொண்டுவந்தோர் ஆயுள் காப்பீட்டுக்காரர்கள். அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் காப்பீட்டு நிறுவனம் 1942-இல் பெண்களுக்கென வெளியிட்ட 'இலட்சிய எடை' அட்டவணை, இருபத்தைந்து வயதுக்கு மேல் உயரத்தையும் உடல்வாகையும் பார்த்ததேயன்றி, வயதைப் பார்க்கவில்லை. 1990-இல் அந்நாட்டரசின் உணவு நெறிமுறை, முப்பத்தைந்தை எட்டியோர்க்குச் சற்றுக் கூடுதல் எடையை அனுமதித்தது. 1995-இல் அச்சலுகை பறிபோயிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகள் அந்நாட்டு மாதர் நிம்மதியாக உண்டிருப்பர் போலும்!

நமக்குரிய அளவு இன்னும் இறுக்கமானது. உடல் நிறைக் குறியெண் 18.5 முதல் 24.9 வரை நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கு. 2009-இல் நம் நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்தபடி, 23-ஐத் தொட்டாலே மிகை எடை. ஐந்தடி உயரப் பெண்ணுக்கு இது ஏறத்தாழ 43 முதல் 53 கிலோ. இருபது வயதினளுக்கும் எழுபது வயதினளுக்கும் மருத்துவமனைச் சுவரில் தொங்குவது இதே கணக்குதான்.

உடலோ அதே உடலன்று. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைய, தொடையிலும் இடுப்பிலும் தங்கிவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது; தசை தேய்கிறது. எடை முள் அசையாதிருக்கும்போதே உள்ளே இம்மாற்றம் நிகழ்ந்துவிடலாம். ஆதலின் அவ்வயதில் எடையோடு இடைச்சுற்றையும் பார்த்தாக வேண்டும். அது 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நலம். ஆறு கஜப் புடவை எதையும் மறைக்கும். தையற்காரரின் நாடா மறைக்காது.

முதுமையில் கணக்கு தலைகீழாகிறது. அறுபத்தைந்தைக் கடந்தோரிடம் நடந்த ஆய்வுகள் பலவற்றில், மெலிந்தோரைவிடச் சற்றே சதைப்பற்றுடையோர் நீண்ட நாள் வாழக் காணப்பட்டனர். எழுபத்திரண்டாம் வயதில் டெல்லிக்கு வந்து எங்களுடன் தங்கிய என் தாயார், ஒரே குளிர்காலத்தில் 54 கிலோவிலிருந்து 49-க்கு இறங்கினார். "இளைச்சு நல்லா ஆயிட்டீங்களே, மாமி!" என்று அக்கம்பக்கத்தார் வாழ்த்தினர். மருத்துவர் முகம் மட்டும் மலரவில்லை. முயலாமலே ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால், காரணம் தேடியே தீரவேண்டும் என்றார். தேடியதில் நோய் எதுவும் அகப்படவில்லை. பல்வலி, பேச்சுத்துணையின்மை, ஒரு தம்ளர் மோரோடு முடிந்துபோன இரவுணவு, இவையே அகப்பட்டன. "வயசான கட்டைக்கு எதுக்குடி ராத்திரிச் சாப்பாடு?" என்பது அவர் வாதம். கரைந்தது கொழுப்பு மட்டுமன்று. எழுந்து நிற்கத் தாங்கும் தொடைத் தசையும்தான். அது நலிந்தவர் குளியலறையில் வழுக்கினால் முறிவது இடுப்பெலும்பு.

பல் சீராயிற்று. பருப்பும் பாலும் குழைய வெந்த சுண்டலும் தட்டில் ஏறின. நாற்காலியில் கை ஊன்றாது எழுந்தமரும் பயிற்சி, காலையில் பத்து முறை. இரவில் அவருக்குத் துணையாக யாரேனும் ஒருவர் உடனமர்ந்து உண்பது என்றும் ஏற்பாடாயிற்று. பயிற்சியைவிட அதுவே பலித்ததென்பது என் எண்ணம். மறு பங்குனிக்குள் எடை 52-ஐத் தொட்டது. அவ்வாண்டு வற்றல் போட மொட்டைமாடிக்குத் தாமே ஏறிச் சென்றார்.